அடுத்த வீட்டுத் துணி

மான்ட்ரியல் அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குச் சிலைக்கு முன்னால் நிற்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர். அரசனையும் மதகுருக்களையும் கேள்வி கேட்டவர். அவர் காலத்துப் பெரிய மனிதர்கள் பொய்முடியும் பட்டுக் கோட்டும் அணிந்தார்கள். சிற்பியோ வழுக்கைத் தலையை அப்படியே விட்டு, தோளில், மன்னர்களைத் துரத்திய பழைய ரோமானியர்களின் துணியைப் போர்த்தியிருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. பழையவர்களைக் கூப்பிட்டு இன்றைய அதிகாரத்தோடு மோதவிட எனக்கு ஏன் வரவில்லை? ஊரில் நான் போடும் நாடகங்களில் சோழ மன்னன் அட்டைக் கிரீடத்தோடு வந்து, வசனம் பேசி, கைதட்டல் வாங்கிப் போகிறான்.

பக்கத்தில் சுபா நிற்கிறாள். யாழ்ப்பாணத்துக்காரி, இங்கே தமிழ் நாடகம் போடுகிறாள். நேற்று அவள் மேடையில் சோழன் பனிக்கோட்டு மாட்டிக்கொண்டு, விமான நிலையம் கூட்டும் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டான். அரங்கமே எழுந்து நின்றது. அந்த எரிச்சலும் இன்னும் அடங்கவில்லை.

"ரோம் இவங்க சொந்தச் சொத்து சுபா, அதான் இவ்வளவு உரிமை" என்கிறேன்.

"எங்க அண்ணை சொந்தம்? இவர் பிரெஞ்சுக்காரர். ரோம் இவருக்கு அடுத்த வீடு. அதாலதான் பயமில்லாம எடுத்துப் போர்த்தினவை. நீங்கள் சோழனை அப்பா மாதிரி வச்சிருக்கிறியள். அப்பான்ர வேட்டியை ஆர் வெட்டித் தைப்பினம்?"

திரும்பும்போது மெட்ரோவில் அவள் சொன்னதை மனப்பாடம் செய்கிறேன், என் அடுத்த சோழனுக்கு. அடுத்த வீட்டு வசனம்தானே, பயமில்லை.