அந்திக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல்

சாலைப் பழுது ஆய்வாளர், இரண்டாம் நிலை. தரைமட்டக் குறைபாடுகளைக் கூர்ந்து கவனித்துப் படம் பிடிப்பவர். அவளுடைய அடையாள அட்டை அப்படித்தான் சொல்கிறது. அட்டை தயாரித்தவர் அவள் நடப்பதைப் பார்த்ததில்லை. பொழுது சாயத் தொடங்கினால் அவள் கண் தரையில் நிற்காது. தானே படமெடுத்து அனுப்பிய பள்ளத்தில் தானே இரண்டு முறை விழுந்திருக்கிறாள். தார் போடும் ஆட்கள் அவளைக் 'குழியக்கா' என்று கூப்பிடுவதற்கு அதுதான் காரணம், உத்தியோகம் அல்ல.

அலுவலகம் கொடுத்த கேமரா உள்ளங்கையில் அடங்கும். எடுக்க ஒரு பொத்தான், அழிக்க ஒரு பொத்தான். வேறு வித்தை கிடையாது. கூடவே சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, அடியில் தட்டு வைத்த ஓர் அளவுகோல். பக்கத்தில் கோல் நிற்காத பள்ளத்தைப் பழுதுப் பிரிவு பள்ளமாகவே மதிக்காது.

வேலை முடிந்து திரும்பும்போது, மேம்பாலத்தின் உச்சியிலோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ, வானம் திடீரென்று அவளைப் பிடித்து நிறுத்தும். திட்டம் ஒன்றும் கிடையாது. கோலை நிறுத்துவாள், ஒரு படம் எடுப்பாள், நடையைக் கட்டுவாள். ஆம், சூரியனுக்குப் பக்கத்திலும் கோல்தான். கைக்கு வந்துவிட்ட பழக்கம்.

படம் கணவனுக்கு. அவன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பிற்பகல் ஷிஃப்ட். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடம். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு மறுபக்கம் வாங்கும் வேலை. வேலை நாளில் அவன் அந்தியைப் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. அவன் வீடு வந்து சேரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஆகவே காலைக் காப்பியோடு முந்தைய நாள் வானத்தைக் காட்டுவாள். அந்த வீட்டில் சூரியன் காலையில்தான் மறையும்.

"என்னம்மா, நேத்து சூரியன் இளைச்சுப் போச்சு?"

"கோலைப் பாருங்க. ஒரு கட்டம் இருக்கு."

"பள்ளமா இருந்தா ரெண்டு கூடை தார் போதும்."

"உங்களுக்குக் காட்டறேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

கேலி வாயோடு சரி. திரையில் வெளிச்சம் படாமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, காப்பி ஆறும்வரை பார்ப்பான். பிறகு அவள் படத்தை அழித்துவிட்டு நல்ல பிள்ளையாக அலுவலகம் போவாள்.

ஒருநாள் மழை விட்ட மாலை. மேம்பாலத்தில் தேங்கிய நீரெல்லாம் செம்பு நிறம். மறுநாள் காலை அவன் காப்பியைத் தொடவே இல்லை.

"இதை அழிச்சுடாத. நாளைக்கும் ஒரு தடவ பாத்துக்கறேன்."

தனக்கென்று ஒன்றும் கேட்டுப் பழகாத மனுஷன். அவள் அழிக்கவில்லை. அலுவலகமோ கேமராவில் இருந்ததையெல்லாம் வழக்கம்போல் எடுத்துப் பழுதுப் பிரிவுக்கு அனுப்பியது. கோல் இருந்தது, கேள்வி எழவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரை அடையாளம் கண்டு, அன்று மாலையே தார் லாரி கிளம்பிவிட்டது. மேஸ்திரி அங்கிருந்து பொறியாளருக்குப் போன் போட்டார்.

"சார், குழியக்கா கோல் வச்ச இடத்துலதான் நிக்கறோம். பள்ளம் இல்ல. எதிர்ல சூரியன்தான் இருக்கு. அதை மூடிடவா?"

மறுநாள் பொறியாளர் அவளை அழைத்துப் படத்தை நீட்டினார்.

"இதுல எதும்மா பழுது?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாததை எதுக்கு எடுத்தீங்க?"

அவர் கெட்டவர் அல்ல. படத்தை ஆசையாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கோபப்பட்டார். இனிமேல் கேமராவைச் சாயங்காலம் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கோலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று வானம் வேண்டுமென்றே செய்வதுபோல் ஜொலித்தது. அவளிடம் இருந்ததோ பேச மட்டும் தெரிந்த பழைய போன். நாளைக் காலை எதைக் காட்டுவது? தான் கேட்ட ஒரே ஒரு ஆசையால்தான் எல்லாம் போயிற்று என்று தெரிந்தால், அந்த ஆள் ஆயுசுக்கும் இன்னொன்று கேட்கமாட்டான். அதுதான் அவளை உறுத்தியது. இத்தனை காலம் அந்தியை அவனிடம் கொண்டுபோனவளுக்கு, அவனை அந்தியிடம் கொண்டுபோகலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

சலவைக்கூடத்தின் பின்கதவை மேற்பார்வைக்காரி திறந்தாள்.

"வேலை நேரத்துல ஆளைக் கூப்பிடக் கூடாது, தெரியுமில்ல? கையில என்ன அது, அடிக்கவா?"

"அளக்கக்கா. அஞ்சு நிமிஷம் விடுங்க, போதும்."

அளப்பது எதை என்று மேற்பார்வைக்காரிக்குப் புரியவில்லை. ஆனால் எதிரே நின்ற முகம் புரிந்தது. "சரி, உருளையை நான் பாத்துக்கறேன்."

அவன் தலையெல்லாம் ஆவி ஈரத்தோடு ஓடிவந்தான்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. அங்க பாருங்க."

கண் கூசி, கையால் மறைத்து, பிறகு கையை எடுத்தான்.

"ஏய், இது நகருது!"

"பின்ன?"

"படத்துல சும்மா நிக்குமே." சற்றுக் கழித்து, "கேமரா எங்க?"

"வாங்கிட்டாங்க."

"என்னாலயா?"

"உங்களாலதான் இங்க நிக்கறோம். பேசாம பாருங்க, இறங்கிடப் போகுது."

"கோலையாவது வை. எவ்வளவுன்னு தெரியட்டும்."

அன்று அவள் படம் எதுவும் எடுக்கவில்லை. கோலை நிறுத்திவைத்துவிட்டு, சூரியன் முழுசாக இறங்கும்வரை கணவனின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.