டாக்டர் மாப்பிள்ளைக்கு ஒரு வாழைத்தார்

கிருபைராஜ் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். கால் முறிந்து வருகிறவர்களை நடக்க வைத்து அனுப்புவார். நோயாளிகள் எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவர் காதில் ஏறவே ஏறாது. அவருக்கு வேண்டியது மாமனார் வாயால் ஒரு டாக்டர். அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் எபி, கிருபைராஜின் சகலை. டார்லினைக் கட்டியவர் கிருபைராஜ், அவள் தங்கையைக் கட்டியவர் எபி. பல் டாக்டர். வயதில் இளையவர்தான். ஆனாலும் மாமனார் சாலமோன் வாத்தியார் குழம்பில் நல்லியெலும்பைத் தேடி எடுத்து, "டாக்டர் மாப்பிள்ளைக்கு வையி" என்பார். மூத்த மாப்பிள்ளை வெறும் 'கிருபை'தான். அவர் சொல்லிக் கேட்கிற எனக்கே எரிச்சலாக இருக்கும், அவருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? எபி புதுக் கார் வாங்கியபோது இவருக்குச் சோறு இறங்கவில்லை. எபிக்கு வழுக்கை விழுந்த வருஷம் மட்டும் மனுஷன் முகம் தெளிவாக இருந்தது.

நான் ஜவுளிக்கடைக்காரன். குரல் பெரிசு என்பதால் எங்கள் சர்ச் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு வரும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது என் வேலை. ஏலம் கேட்கிறவர் பெயரைப் பட்டத்தோடு மைக்கில் சொல்லவேண்டும். அதைக் கேட்பதற்கென்றே பூசணிக்காயை ஏலம் எடுக்கிற ஆட்கள் உண்டு. வருஷா வருஷம் ‘டாக்டர் எபி’ என்றும் ‘தம்பி கிருபைராஜ்’ என்றும் சொல்லி வந்தவன் நான்தான்.

அப்போதுதான் விதி மாறியது. பிசியோதெரபி படித்தவர்களும் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம் என்று டெல்லியிலிருந்து செய்தி. கிருபைராஜ் மூச்சிரைக்கக் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ மைக்குல டாக்டர்னு சொல்லணும். மாமா முன்வரிசைல இருப்பாரு. அவரு காதுல விழணும்."

"சொல்லுதேன்வே. முதல்ல உக்காந்து தண்ணி குடியும்" என்றேன்.

பண்டிகையன்று காலையில் இன்னொரு செய்தி வந்தது. டாக்டர் போடக்கூடாது என்று டெல்லியிலேயே வேறொரு அலுவலகத்து உத்தரவு. சர்ச் வாசலில் கிருபைராஜின் முகம் செத்துப்போயிருந்தது. "எபி பாத்திருப்பானா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். போனும் கையுமாக இருக்கிறவன் பார்க்காமலா இருப்பான்?

ஏலத்தில் பெரிய வாழைத்தார் ஒன்று வந்தது. கிருபைராஜ் கேட்டார். எபி ஏற்றிக் கேட்டார். இவர் விடாமல் அதற்கும் மேலே போனார். இனி நான் பெயர் சொல்லவேண்டும். டாக்டர் என்றால், ‘அது செல்லாதுவே’ என்று எழுந்து சொல்ல எங்கள் சபையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தம்பி என்றால் இவர் அங்கேயே உடைந்துபோவார். "நம்ம..." என்று இழுத்தேன்.

எபி எழுந்து நின்றார். "என்ன அண்ணாச்சி இழுக்குதிய? டாக்டர் கிருபைராஜ்னு சொல்லுங்க. அண்ணனுக்கே விட்டுருங்க, நான் கேக்கல."

பல் டாக்டரே சொன்ன பிறகு யார் வாய் திறப்பார்கள்? ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம், டாக்டர் கிருபைராஜ் என்று தொண்டை கிழியச் சொன்னேன். சாலமோன் வாத்தியார் எழுந்து கைதட்டினார். எபியைப் பார்த்துத் தட்டினார். "எம் மருமவன் மனசப் பாத்தியளா!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மைக்கிலேயே கேட்டது. கிருபைராஜ் தாரைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார்.

மறுநாளே அந்தத் தடை உத்தரவையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சந்தோஷமாகக் கிருபைராஜுக்குப் போன் போட்டேன்.

"இனி ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாதுவே, டாக்டரே!"



"பண்டிகைய ஒரு நாள் தள்ளி வச்சிருந்தியன்னா, நான் அவன் புண்ணியத்துல டாக்டர் ஆயிருக்க மாட்டேனே அண்ணாச்சி" என்றார்.