புள்ளி அக்காவின் கடவுச்சொல்

அக்காவுக்குப் புள்ளி அக்கா என்ற பெயர் வைத்தது அவர் முன்பு வேலை பார்த்த அச்சகம். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விடுபட்டுப் போனால் போதும், சட்டையில் பொத்தான் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டவரைப் பார்த்ததுபோலப் பதறிப்போவார். அந்தக் கவனத்துக்காகவே ஒரு பள்ளிக்கூடம் தன் தேர்வுக் கேள்வித்தாள்களைத் தட்டச்சு செய்ய அவரிடம் கொடுத்தது. வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அடித்துக் கொடுப்பார்.

முன்னறையில் அவருடைய கணவர், எல்லாருக்கும் மாஸ்டர், கணக்கு டியூஷன் நடத்தினார். அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் வருவார்கள். நடுவில் ஒரே ஒரு கதவு. அதுவும் ஒழுங்காகச் சாத்தாது.

"கதவை விடுக்கா, கம்ப்யூட்டரையே பூட்டிடலாம்" என்றான் அக்காவின் தம்பி. கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். ஒரு விடுமுறையில் வந்து, இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டு, தகவல் சேமிக்கும் வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து கொடுத்தான். இனி கடவுச்சொல் இல்லாமல் பெட்டியைக் கழற்றி எடுத்துப் போனாலும் உள்ளே இருப்பது ஒரு எழுத்துகூடப் படிக்கக் கிடைக்காது.

"இப்போதைக்கு ஏதோ ஒண்ணு போட்டிருக்கேன். நான் போனதும் உனக்குப் பிடிச்ச மாதிரி நீளமா ஒரு வாக்கியத்துக்கு மாத்திடு. என்கிட்டகூடச் சொல்லாதே."

அக்கா நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் அந்தச் சிரிப்பு வந்து சேர்ந்தது.

பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு அம்மா மாஸ்டரிடம் குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்லதானே சார் கேள்வித்தாள் அடிக்கிறாங்க?" என்று கேட்டார். மாஸ்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புன்னகைத்தார். சாத்தாத கதவின் இடுக்கில் அக்கா அதைப் பார்த்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு ஒரு பிள்ளை உடனே சேர்ந்தது.

அக்கா சண்டை போடவில்லை. நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடவுச்சொல்லை மாற்றினார். விசைகளின் மேல் விரல்கள் ஆணி அடித்தன. திரையில் வெறும் கறுப்புப் பொட்டுகள்தான் தெரிந்தன. இரண்டு முறை கேட்டது, இரண்டு முறையும் அதே கோபத்தோடு அடித்தார்.

அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை, தூங்க மட்டும் வைப்பார். கேள்வித்தாளைப் பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய நாளில் மின்சாரம் போய் வந்தது. கறுப்புத் திரையில் ஒரு பூட்டுப் படமும் ஒரு கட்டமும் வந்து நின்றன. அக்கா வாக்கியத்தை அடித்தார். தவறு என்றது. நிதானமாக அடித்தார். தவறு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடித்தார். அதற்கும் தவறு.

தம்பியைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், திட்டாதே. தமிழ்லயா போட்டே?"

"பின்னே? நான் எதுல அடிப்பேன்?"

"சரியாப்போச்சு. கம்ப்யூட்டர் முழுசா எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி வர்ற அந்தத் திரைக்கு இங்கிலீஷ் கீபோர்டு மட்டும்தான்க்கா தெரியும்!"

வழி இருந்தது. இயங்குதளம் போட்டபோது அவன் விட்டுப்போன பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, பிறகு வட்டைத் திறக்க வேண்டும். கைகள் இரண்டும் வேலையில் இருந்ததால் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்ததும் அக்கா திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் டீ டம்ளரோடு பின்னால் நின்றிருந்தார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அவர் வெளியே போனார். கதவைச் சாத்தினார். அது தன் பாட்டுக்குத் திறந்துகொண்டது.

இந்த முறையும் தவறு.

"கட்டத்துக்குப் பக்கத்துல கண்ணு மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அழுத்து, அடிச்சது தெரியும்" என்றான் தம்பி.

அழுத்தினார். ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. "எல்லாம் சரியாத்தான்டா இருக்கு!" என்றார் அக்கா.

"அப்படி என்னதான்க்கா வாக்கியம்? சொல்லு, வேற வழியில்ல."

அக்கா போனுக்கு மேல் குனிந்து முணுமுணுத்தார். தம்பி சிரித்த சிரிப்பில் மேசை அதிர்ந்தது. சிரிப்போடு சிரிப்பாக அதை உரக்கச் சொல்லியும்விட்டான்:

"'இந்த மனிதருக்குச் சிரிப்பு ஒன்றுதான் வரும், கணக்கு வராது.' ஐயோ, மாமா பக்கத்துல இருக்காரா?"

மாமா வாசற்படியில் இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மெல்ல உள்ளே வந்தார். அக்காவால் நிமிர முடியவில்லை.

"இதை என்னிக்குப் போட்டே?"

"அந்த அம்மா வந்துட்டுப் போன அன்னிக்கு."

மாஸ்டர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தப்பான விடைத்தாளைப் பார்ப்பதுபோல.

"மனிதருக்கு, அப்புறம் ஒரு ஒற்று வேற. என்மேல கோபம் வந்தா நீ இவ்வளவு மரியாதையாவா பேசுவே? 'மனுஷனுக்கு'ன்னு அடி. ஒற்று வேணாம். 'ஒன்று' இல்ல, 'ஒண்ணு'. கமா எதுக்கு? மூச்சுகூட விட்டிருக்க மாட்டே."

அக்கா அடித்தார்: இந்த மனுஷனுக்கு சிரிப்பு ஒண்ணுதான் வரும் கணக்கு வராது.

வட்டு திறந்துகொண்டது.

"மாமாவுக்கு நல்லாவே கணக்கு வருதுக்கா" என்றது போன்.

தம்பி சொல்லச் சொல்ல, ஆங்கில எழுத்துகளில் இன்னொரு கடவுச்சொல்லும் சேர்த்தார் அக்கா. யாரும் சொல்லாமலே மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பழையதை அழித்துவிடலாமா என்று தம்பி கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றார் அக்கா. சுவரைப் பார்த்து நின்றவரின் தோள் குலுங்கியது. கேள்வித்தாள் அன்று மாலையே பள்ளிக்குப் போய்விட்டது.

சில நாள் கழித்து அந்த அம்மா மறுபடியும் வந்து, முக்கியமான கேள்விகளைக் குறித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். மாஸ்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அந்த ரூமுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். பையனை எல்லாக் கணக்கையும் போடச் சொல்லுங்க" என்றார்.

மறுவாரம் அந்தப் பையன் வரவில்லை. மாஸ்டர் பின்னறைக்கு வந்து, பரிசு வாங்கி வந்தவர்போல, "ஒரு பையன் நின்னுட்டான்" என்றார்.

"நல்லது. உட்காருங்க, டீ போடறேன்" என்று எழுந்தார் அக்கா.