வெள்ளிக்கிழமைப் புகை

எங்கள் வீட்டுச் சமையலறையில் சிங்க்குக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தால் ஒரு சின்ன மருந்துக்கடையே வைக்கலாம். தரை கழுவ ஒரு போத்தல், கழிவறைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, அடுப்பு பிசுக்குக்கு ஒன்று, வெள்ளைத் துணிக்கு பிளீச், கரப்பானுக்கு ஒரு ஸ்ப்ரே, கொசுவுக்கு வேறொரு ஸ்ப்ரே. இத்தனையும் சேர்ந்து கிளப்புகிற நெடியை மறைக்க, ரோஜா மணம் என்று எழுதிய இன்னொரு ஸ்ப்ரே. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டுவிட்டால் என் கை சும்மா இருக்காது. அப்படி வருஷக்கணக்கில் சேர்ந்தவை அவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. பயம் கொஞ்சம், அலுப்பு நிறைய.

என் வீட்டுக்காரருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஓட்டிய காலம் முழுக்க ஒரு தும்மல் தும்மியதில்லை. ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. மாடிப்படி ஒரு கட்டு ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பவரைப் போல நிற்பார். தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகக் கைத்தொலைபேசியை வேறு எடுத்துப் பார்ப்பார். ஆஸ்த்துமா என்று கிளினிக்கில் சொன்னார்கள். என் மகள் வயதில் இருந்த தமிழ் டாக்டர் அவரிடம் பொறுமையாக விளக்கினார்.

"அங்கிள், மருந்து நான் தரேன். ஆனா வீட்டுல நெஞ்ச குத்துற சாமான் இருந்தா என் மருந்து தோத்துப் போயிரும். ஸ்ப்ரே, பிளீச், கொசுவத்தி, இதெல்லாம் என்னென்ன இருக்குன்னு பாத்து கொறைங்க."

அவர் தாடையாலேயே என் பக்கம் காட்டினார். "இவங்ககிட்ட சொல்லுங்க டாக்டர்."

சொன்னார். எல்லாரும் கடைசியில் இவங்ககிட்டதான் சொல்வார்கள். இந்த இவங்க, விடிவதற்குள் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே பிரிக்ஃபீல்ட்ஸ் வரை போய், சேலைக்கடையில் நாள் முழுக்கச் சேலையை விரித்துக் காட்டி, வாங்காமல் போகிறவர்களுக்குச் சிரித்துக் காட்டி, விரித்ததை எல்லாம் திரும்ப மடித்து வைத்துவிட்டு, மறுபடியும் நின்றுகொண்டே வீட்டுக்கு வருகிறவள். வீட்டில் இருக்கும் நஞ்சைக் கணக்கெடுக்கும் வேலை அவள் தலையில்தான் விழவேண்டும்.

விழுந்த வேலையைச் செய்தேன். ஒரேயடியாக எதையும் சாக்கடையில் கொட்டாதீர்கள், பிளீச்சும் கழிவறை திரவமும் ஒன்றாய்ச் சேர்ந்தால் கிளம்புகிற காற்றே ஆளை விழுத்தாட்டிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் மூடியிருந்தபடியே பெட்டியில் கட்டி, மறுசுழற்சி மையத்தில் அவற்றுக்கென்று இருந்த இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தரைக்குச் சுடுநீரும் சாதாரண சோப்பும், பிசுக்குக்கு சோடா மாவு, கண்ணாடிக்கு வினிகர். சேலை அலமாரியில் இருந்த அந்துருண்டைகளையும் பொறுக்கினேன். அவற்றின் வாடை இல்லாமல் என் கல்யாணச் சேலை யாருடைய சேலையோபோல இருந்தது. கொசுவத்தியை நிறுத்தினால் டெங்கி வருமே என்ற கவலையில் சன்னல்களுக்கு வலை அடிக்கச் சொன்னேன், பூந்தொட்டித் தட்டுகளில் நின்ற தண்ணீரைக் கொட்டினேன்.

எங்கள் அடுக்குமாடியின் கீழ்க்கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் நூல் கட்டித் தொங்கவிட்டு வரும் தே தாரேக் என்கிற கொதிக்கும் தேத்தண்ணியையும் விடவில்லை. அவர் கையில் எவர்சில்வர் தூக்கைக் கொடுத்து அனுப்பினேன். கடைக்காரர் அவரைப் பார்த்து, "என்ன பாஸ், அன்னதானம் கோயில்லலா, இங்க இல்ல," என்றாராம். அதை என்னிடம் வந்து சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

இந்தச் சமயத்தில்தான் அம்பாங்கிலிருந்து என் நாத்தனார் வந்தாள். எனக்குப் பிடித்தமானவள், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவள். ஆனால் ஆள் சேர்த்து ஆள் சேர்த்து விற்கிற ஒரு பச்சைப் பொடியில் அந்த வருஷம் இறங்கியிருந்தாள். பொடி டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, வீட்ட கழுவிட்டீங்க, சரி. அண்ணன் ஒடம்ப யாரு கழுவுறது? அத்தன வருசம் லோரி புகைய குடிச்சிருக்காரு. எல்லாம் உள்ளுக்குள்ள தங்கி கெடக்கு. இத குடிச்சா நஞ்செல்லாம் வெளியாயிரும்லா."

வெளியாகத்தான் செய்தது. மூன்று நாள் அவர் கழிவறையைவிட்டு வெளியே வரவில்லை. நாத்தனாருக்குத் தொலைபேசி அடித்தேன். "பாத்தீங்களா அண்ணி, வேல செய்யுது," என்றாள். அவர் கண் குழி விழுந்து உட்கார்ந்திருந்தார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக மேசை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"அங்கிள், உங்க லிவரும் கிட்னியும் ராத்திரி பகலா இந்த வேலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. நெஞ்சுல உள்ளத இந்தப் பொடி வெளியாக்காது. நீங்க தண்ணி குடிங்க, கீரை காய்கறி சாப்பிடுங்க, சீனிய கொறைங்க, நேரத்தோட தூங்குங்க. அதுங்க வேலைய அதுங்க பாத்துக்கும். புதுசா எதையும் உள்ள அனுப்பாம இருந்தா போதும்."

அன்றிலிருந்து கல்லீரல் மேல் எனக்குத் தனி மரியாதை. அதற்கும் லீவு கிடையாது, ஒரு வார்த்தை நன்றி சொல்ல ஆளும் கிடையாது.

தண்ணீர், கீரை, தூக்கம், இன்ஹேலர் என்று நாள்கள் போயின. நிஜமாகவே குறைந்தது. செவ்வாய், புதன் கிழமைகளில் அவர் மாடிப்படியில் நிற்காமல் ஏறினார். ஆனால் சனிக்கிழமை காலை என்றால் இழுப்பு திரும்ப வந்துவிடும். ஏன் சனிக்கிழமை என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது எங்கள் கண் முன்னாலேயே இருந்தது.

சாம்பிராணி. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அவர் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு, அடுப்பில் கரியைச் சிவக்கவைத்துத் தூபக்காலில் போட்டு, சாம்பிராணியைத் தூவி, ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டு வருவார். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், சேலை அலமாரிக்குள் எல்லாம் காட்டுவார். மற்றபடி சாமி பூதம் என்று எதற்கும் மெனக்கெடாதவர். லோரி ஓட்டிய காலத்தில் திங்கள் விடியலில் போனால் வெள்ளி மாலைதான் வீடு திரும்புவார். வந்ததும் தூபக்காலைக் கையில் எடுத்துவிடுவார். பிள்ளைகள் இருவரும் புகைக்குள் புகுந்து புகுந்து ஓடுவார்கள். வாரம் முழுக்க ரோட்டில் கிடந்த மனிதர் அந்தப் புகையோடுதான் வீட்டுக்குள் நுழைந்தார். இப்போது பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். லோரி போய்விட்டது. சாம்பிராணி மட்டும் நின்றது.

ரசாயனத்தை எல்லாம் தூக்கி எறிந்த பிறகு நாங்கள் அதைக் குறைப்பதற்குப் பதில் கூட்டினோம். கொசுவுக்கு இயற்கை மருந்து, கிருமிக்கு இயற்கை மருந்து, கடையில் வாங்கிய ரோஜாவுக்குப் பதில் நம் வீட்டு வாசனை. காய்ந்த வேப்பிலையைப் பொடித்து அதில் சேர்க்கச் சொல்லி நாத்தனார் வேறு யோசனை சொன்னாள். நானே பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் கட்டிச் சாம்பிராணி வாங்கி வந்து கொடுத்தேன். நஞ்சு என்றால் அதற்கு ஒரு மூடியும் ஒட்டிய தாளும் இருக்கும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம்.

அந்த மாதம் ஜெரெபு என்கிற புகைமூட்டம் வந்தது. எங்கோ காடு எரிய, கிள்ளான் முழுக்க வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சன்னல்களைச் சாத்தி வையுங்கள் என்று செய்தியில் சொன்னார்கள். சாத்தினோம். சாத்திய வீட்டுக்குள் வெள்ளிக்கிழமை வந்தது. வெளியே காற்று கெட்டிருக்கிறது என்று சொல்லி அவர் வழக்கத்தைவிட ஒரு கைப்பிடி அதிகமாகவே தூவினார்.

சனிக்கிழமை காலை அவரால் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை. இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. சட்டென்று ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். முகத்தில் கவசத்தை மாட்டி ஆவி மருந்து வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் இல்லாமல் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவேன் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்க முடியவில்லை.

மூச்சு கொஞ்சம் சீரானதும் டாக்டர் கேட்டார். "அங்கிள், நேத்து வீட்டுல என்ன பண்ணீங்க? புதுசா ஏதாச்சும் அடிச்சீங்களா, கொளுத்துனீங்களா?"

"ஒன்னும் இல்ல டாக்டர். எல்லாத்தையும்தான் தூக்கிப் போட்டாச்சே."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். "அங்கிள், உங்க சட்டையில சாம்பிராணி மணக்குது."

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். டாக்டர் எங்களைத் திட்டவில்லை. தன் வீட்டிலும் சாம்பிராணி போடுவார்கள் என்றார். கரி எரிந்தாலும் பிசின் எரிந்தாலும் இலை எரிந்தாலும் நெஞ்சுக்கு அது புகைதான், இந்த நெஞ்சு இனி அதைத் தாங்காது என்றார். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். வண்டியில் வரும்போது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து, கஞ்சி கொடுத்துவிட்டு, சொல்லவேண்டியதைச் சொன்னேன். "இனிமே சாம்பிராணி வேணாங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்ட. ஒரு வார்த்த கேட்டனா? தேத்தண்ணிய தூக்குல வாங்குன்னு சொன்ன, வாங்குனேன். இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு வேல இருந்துச்சு. அதையும் எடுத்துக்க. அப்புறம் என்னையும் பெட்டியில கட்டி அந்த மையத்துல குடுத்துட்டு வந்துரு."

எனக்குக் கோபம் வந்தது. காலையில் உதடு வெளுத்துக் கிடந்தது யார், தூக்கிக்கொண்டு ஓடியது யார் என்று கேட்கத் தோன்றியது. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன். கழுவினதையே திரும்பக் கழுவினேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசியது உப்பு, மருந்து, மின்தூக்கி பழுது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ரயில் சுபாங் ஜெயாவில் நெடுநேரம் நின்றுவிட்டது. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் அது அங்கேயே நிற்கட்டும் என்று இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மாடியில் மின்தூக்கிக் கதவு திறக்கும்போதே சாம்பிராணி மணம் வந்துவிடும். இன்றும் வந்தால் என்ன செய்வது? சண்டை போடுவதா, காரைக் கூப்பிடுவதா? இரண்டுக்கும் என் உடம்பில் சக்தி இல்லை. போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஜெரெபு வந்ததிலிருந்து பெய்த முதல் மழை.

மின்தூக்கிக் கதவு திறந்தது. ஒரு மணமும் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரிப்பது மட்டும் தெரிந்தது. நிம்மதி வருவதற்கு முன்னால், அவர் வீட்டில் இல்லையோ என்று தோன்றியது. ஓட்டமும் நடையுமாய்ப் போய் வீட்டுக் கதவைத் திறந்தேன்.

சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஈரக்காற்று வலை வழியாக வந்துகொண்டிருந்தது. அவர் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு, கையில் தூபக்காலோடு படுக்கையறையிலிருந்து வெளியே வந்தார். தூபக்காலில் கரி இல்லை, சாம்பல்கூட இல்லை. தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தார். கதவுக்குப் பின்னால் காட்டினார். பிள்ளைகளின் அறைக்குப் போய் வெறும் கட்டிலுக்கு அடியில் குனிந்து காட்டினார். குனிந்து நிமிர்ந்தவருக்கு மூச்சு இழுக்கவில்லை. நான் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அவர் பின்னாலேயே போனேன்.

கடைசியாக, எப்போதும் செய்வதுபோல, என் முன்னால் வந்து நின்று தூபக்காலை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்திருப்பார்.

நான் இரண்டு கைகளையும் அதன் மேல் குவித்து, அள்ளி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.