விருந்தாளிகளுக்கு விரித்த மணல்

மீரா சாகிபுவுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் அழுக்கு எதுவும் பட்டுவிடக் கூடாது. கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவருக்காக மீட்டர் பெட்டியைத் துடைத்து வைக்கிற மனிதர். ஓமான் நாட்டுச் சலாலாவில் ஒரு மளிகைக் கிட்டங்கியைப் பல வருடம் பார்த்துக்கொண்டார். அங்கேயும் கிழிந்த மூட்டையெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பித்தான் இருக்குமாம். இது அவர் மனைவி குல்சும் சொல்வது. குல்சும் சொல்வதில் குசும்பும் கொஞ்சம் இருக்கும்.

அவர்கள் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் கூடவே ஒரு வீடும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். இருந்த வீட்டை மூத்தவள் நஃபீசாவுக்குக் கொடுத்தாயிற்று. இளையவள் சுஹாவுக்கு நிச்சயம் முடிந்த கையோடு ஏர்வாடி ரோட்டில் ஒரு மனையை அவசரமாக வாங்கிப் போட்டார். அது சல்லிசாகக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. முன்பு அங்கே ஒரு பேட்டரி கம்பெனி நடந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒருநாள் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பவே இல்லை.

சுஹா பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். மண்ணைச் சோதிக்காமல் அங்கே ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். மதுரையில் ஓர் ஆய்வகத்துக்கு அவளே போன் போட்டு ஆளையும் வரச் சொன்னாள்.

இடத்தைப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்பது மட்டும்தான் மீரா சாகிபுவின் காதில் ஏறியது. கல்யாண வீட்டு வாசலில் புது மணல் விரிப்பது அந்தப் பக்கத்து மரியாதை. மகள் வீடு வரப்போகிற இடம், வெளியூர்க்காரர்கள் வேறு வருகிறார்கள், சும்மா விடுவாரா? டிராக்டர் டிராக்டராக வெள்ளை மணல் வந்து இறங்கியது. கூட நின்று நிரவச் சொன்னார். ஓரத்தில் பந்தல், நாற்காலிகள், ஒரு பானை நன்னாரி சர்பத். எல்லாம் முடிந்ததும் அவருக்கே அந்த இடத்தைப் பார்த்துப் பெருமை பிடிபடவில்லை.

காலையில் ஆய்வகத்து வண்டியிலிருந்து சத்யப்பிரியா இறங்கினார். மண்ணைத் திருகித் துளைக்கும் இரும்புக் குழாயையும் கண்ணாடிச் சீசாக்களையும் இறக்கப் போனவர், இடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மீரா சாகிபு அதை மலைப்பு என்று எடுத்துக்கொண்டார். சர்பத்தை நீட்டி, வேண்டுமட்டும் மண்ணை அள்ளிக்கொள்ளலாம், நல்ல சுத்தமான மண், ஒரு சாக்கு கூடக் கொண்டுபோனாலும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று தாராளம் காட்டினார்.

சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. சர்பத்தை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அய்யா, இந்த மண்ணுல ஒரு குறையும் இருக்காது. ஆனா இது உங்க மண்ணு இல்லையே."

பிறகு பொறுமையாக விளக்கினார். எங்கே புல் முளைக்கவில்லை, எங்கே கறை படிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் துளை போட இடம் குறிப்பார்கள். இப்போது மனை முழுக்க ஒரே வெள்ளை. யோசித்துப் பார்த்தவர் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எந்த இடத்தில் மணலைக் கூடுதலாகக் கொட்டச் சொன்னார்?

மீரா சாகிபுவுக்கு அந்த இடம் நன்றாகவே தெரியும். மேற்கு மூலையில் தார் ஊற்றியதுபோல் கறுத்துக் கிடந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அங்கேதான் முழங்கால் உயரத்துக்குக் கொட்டச் சொல்லியிருந்தார். அதைக் காட்டினால் வீடு போச்சு. வீடு இல்லாமல் பெண்ணைக் கொடுத்தால் ஊரில் தலைகாட்ட முடியாது; சம்பந்தம் நிலைக்குமா என்பதே சந்தேகம். அவர் கை, பாவம், நல்ல மண் இருந்த கிழக்குப் பக்கமாக நீண்டது.

அங்கேயே நின்றிருந்த சுஹா சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னாள்.

"வாப்பா, அந்த வீட்டுல இருக்கப் போறது நான்."

நீட்டிய கையை அவர் இறக்கினார். பந்தல்காரரிடம் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு மேற்கு மூலைக்குப் போய், கைலியை மடித்துக் கட்டி, தானே மணலை வாரி ஒதுக்க ஆரம்பித்தார். கறுப்பு மண் தெரிகிறவரை யாரையும் கிட்டே விடவில்லை.

சோதனை முடிவை சுஹாதான் வாசித்துச் சொன்னாள். மேற்குப் பக்கம் முழுக்க ஈயம் ஆழமாக இறங்கியிருந்தது. அந்த மண்ணைத் தோண்டி முறையாக அப்புறப்படுத்தும்வரை அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது. பெரியவர்களைவிடத் தவழ்கிற குழந்தைகளுக்குத்தான் அது கேடு, மூளையைப் பாதிக்கும் என்றாள். குல்சும் அன்று அவரைக் கேலி செய்யவில்லை.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மீரா சாகிபு மாப்பிள்ளையின் தகப்பனார் சீனி முகம்மதுவின் வீட்டுக்குத் தனியாகப் போனார். வழியெல்லாம் நாசூக்காகச் சொல்ல என்னென்னவோ யோசித்து வைத்திருந்தார். நடையேறியதும் எல்லாம் மறந்துபோயிற்று.

"சம்பந்தி, வீடு இப்ப இல்ல. மண்ணுல ஈயம் கிடக்கு. நாளைக்கு நம்ம பேரப்புள்ள தவந்து போயி அதத்தான் அள்ளி வாயில வைக்கும். என்னால கட்ட ஏலாது."

சீனி முகம்மது தாடியைத் தடவிக்கொண்டார். உள்ளே பார்த்துத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

"வாடகைக்கு ஒரு வீடு பாப்போம். நிக்காஹ் தேதிய மாத்த வேணாம்."

மீரா சாகிபுவுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கவில்லை; சம்பந்தி பார்க்கட்டும் என்றே அழுதார்.