பதினாலாம் கால்

ஆபீசில் அவனுக்கு ஒத்தவரி என்று பெயர். மற்றவர்கள் நாள்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கோளாறை, ஒரே ஒரு வரியை மாற்றிச் சரிசெய்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். சிப்பிலிருந்து நீளும் கம்பிக் கால்களில் எந்தக் கால் விளக்கை எரியவைக்கும், எந்தக் கால் மோட்டாரைச் சுற்றவைக்கும் என்று சாஃப்ட்வேரில் ஒரு பட்டியல் இருக்கும். சிப் உட்கார்ந்திருக்கும் போர்டில் இணைப்பு ஒரு பக்கம் போகும், பட்டியல் வேறு பக்கம் கைகாட்டும். பதினோரு வருஷமாக இந்த இரண்டுக்கும் சமாதானம் பண்ணிவைப்பதுதான் அவன் பிழைப்பு.

நுரையீரல் கெட்டுப்போன அக்காவுக்குத் தன் கம்பெனி ஆக்சிஜன் மெஷினை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

"குழாய் கழண்டா அலாரம் ஊரையே கூட்டிடும்க்கா. நான் எழுதினது."

"உன்ன மாதிரியே கத்துமா? அப்போ எனக்குத் தூக்கம் போச்சு," என்றாள் அக்கா.

ஒரு மத்தியானம் குழாய் கழன்றது. காலை ஷிப்ட் பஸ் ஓட்டிவிட்டு வந்த அத்தான் பக்கத்து அறையில் படுத்திருந்தார். எழுந்து வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கூடம் நிறைய சொந்தக்காரர்கள். அத்தனை பேர் முன்னாலும் அவன் கேட்டான்: "காது கிழியற மாதிரி அடிக்கும் அத்தான். அப்படி என்ன தூக்கம்?"

அன்றிலிருந்து அத்தான் பகலில் படுப்பதில்லை. அவனை மச்சான் என்று கூப்பிடுவதுமில்லை. சொந்தத்தில் அவருக்குத் தூக்கக்காரன் என்று பேர் விழுந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. அலாரம் அடிக்கவில்லையாம். அவன் மேஜையில் இருந்த சோதனைப் போர்டில் கணீரென்று அடித்தது. "இங்க அடிக்குதே" என்று முனகியபடி போர்டைத் திருப்பினான். அடியில் ஒரு நீல ஒயர்.

புதுப் போர்டில் அலாரத்தைப் பதினாலாம் காலிலிருந்து இருபத்திரண்டாம் காலுக்கு மாற்றியிருந்தார்கள். பட்டியலை அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று, அன்றைய வேலை ஓடுவதற்காக, பதினாலிலிருந்து அலாரத்துக்கு அவனே பற்றவைத்த ஒயர் அது. அந்த அப்புறம் வரவேயில்லை. தொழிற்சாலையில் அலாரத்தைச் சோதிப்பது வேறு சாஃப்ட்வேர். அதில் கால் சரியாக இருந்தது. அவன் எழுதியதைக் கேட்டு அடித்த ஒரே புதுப் போர்டு அவன் மேஜையில்தான் இருந்தது. அக்காவின் மெஷினில் இருந்ததும் புதுப் போர்டுதான்.

பட்டியலில் பதினாலை இருபத்திரண்டாக்கினான். இரண்டு நிமிஷம்.

மேனேஜர் கதவைச் சாத்தினார். "எல்லா மெஷினுக்கும் அப்டேட் அனுப்பிடலாம். 'சிறு மேம்பாடுகள்'னு போட்டா போதும். உங்க வீட்டு விஷயம் வெளிய வரவேணாம், என்ன?" விஷயத்தை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்த ஒரு தாளை நீட்டினார். அவன் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள், வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அத்தான் வீட்டுக்குப் போனான். ஒயர், கால், பட்டியல், ஒன்றுவிடாமல் சொன்னான். "நீங்க தூங்கினதால இல்ல அத்தான். அது அடிக்கவேயில்ல."

அத்தான் மெஷின் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசமா நெனச்சு நெனச்சு, தூக்கத்துல அது அடிச்சது கேட்ட மாதிரியே ஆயிடுச்சு எனக்கு," என்றார். பிறகு, "எல்லார் முன்னாடியும் கேட்ட. எல்லார் முன்னாடியும் சொல்லு."

"கையெழுத்துப் போட்டுட்டேன் அத்தான்."

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த வாரம் சித்தப்பா போனில் கேட்டார்: "தூக்கக்காரன் வீட்டுக்குப் போனியாமே, என்ன விசேஷம்?"

"சும்மா பாத்துட்டு வரலாம்னுதான் சித்தப்பா," என்றான் ஒத்தவரி.