அப்பாவைத் தூக்கி வந்தவர்

எங்கள் சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை வைக்கோல் பிரி மாதிரி ஒல்லி. மணிக்கயிறு மேலே போனால் அவரும் கூடவே போய்வருவார். என் அப்பாவுக்குக் குடிக்கூட்டாளி.

அப்பா செத்ததும் சித்தப்பா, "குடிகாரனுக்கு ஏது பரலோகம்?" என்றார். அதிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. அப்பா கல்லறைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளையிடம் போனேன்.

"மாமா, அப்பா சத்தியம் பண்ணிப் பண்ணிப் பாத்தும் குடிய விட முடியல. இயேசு சேத்துக்குவாரா?"

"உங்கப்பன் என்னிக்குடா சொந்தக் கால்ல வீடு வந்து சேந்தான்? வெண்ணாத்து வாய்க்கால்லேருந்து நான்தான் தூக்கியாருவேன். உங்கம்மா என்ன சொல்லும்?"

"நாசமாப் போறவனேன்னு திட்டும்."

"திட்டிட்டு? எங்க ஆளு இல்லன்னு கதவ சாத்திருச்சா?"

"இல்ல."

"இயேசுவும் நல்லா திட்டுவாருடா. ஆனா ஞானஸ்நானத்துல எம்புள்ளன்னு சொன்னவரு வெளியில போடமாட்டாரு."

அவர் வாயிலும் வாடை அடித்தது. போதையில் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "போயும் போயும் அந்தக் குடிகாரன் பேச்சயா கேட்டுட்டு வந்தே?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டாள்.